100 நாளைக்கு ஒரு வீடு... வேலூர் லாட்ஜ் அறையில் குடித்தனம் நடத்துவது எப்படி?

ஹவுரா பக்கத்திலிருந்து வரும் ரயில் காட்பாடி ஜங்ஷனில் நிற்கும்போது, இறங்குகிறவர்களின் லக்கேஜைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. டூர் வந்தவங்க பெட்டி மாதிரி இருக்காது. ஒரு பையில் பிரஷர் குக்கர். இன்னொன்றில் கடுகு எண்ணெய் பாட்டில், கீழே விழாமல் துணி சுற்றி வைத்திருப்பார்கள். தோளில் ஒரு தலையணை. கையை விட்டுப் பிரியாமல் ஒரு எக்ஸ்ரே கவர், ஒரு ஃபைல். சுமார் 1,800 கிலோமீட்டர், ஒரு நாளைக்கும் மேலே ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள். எத்தனை நாள் இங்கே இருக்கப்போறோம்னு அவங்களுக்கே தெரியாது.

வேலூர்க்காரர்களுக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. சி.எம்.சி மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனா போர்டே பெங்காலியில்தான் இருக்கும். ஓட்டல், மருந்துக் கடை, டிராவல்ஸ், லாட்ஜ்... எல்லாமே. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கதேசம். "வைத்தியத்துக்கு வந்தவங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிட்டுக் கடந்து போயிடுறோம். ஆனா, ஒரு குடும்பம் மூணு மாசம், நாலு மாசம் ஒரே அறையில் சமைச்சு, துவைச்சு, தூங்கி, பிள்ளையைப் படிக்க வைக்குதுன்னா அதுக்குப் பேர் தங்கல் இல்ல. குடித்தனம். அந்தக் குடித்தனம் எப்படி நடக்குது? அதைத்தான் பார்க்கப்போறோம்.

ஏன் மூணு மாசம்?

எல்லாருக்கும் அவ்வளவு நாள் ஆகாது. டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் பார்த்து, மருந்து வாங்கிக்கிட்டு ஒரு வாரம், பத்து நாளில் கிளம்புறவங்க நிறைய பேர். ஆனா எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை எடுத்துக்கோங்க. சி.எம்.சி-யில் 1986-லிருந்து நடக்கிறது. கிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் தலசீமியா என்ற ரத்த நோய்க்கான மரபணு பரவலாக இருக்கிறது. இந்த நோயோடு பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான நிலையில் மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அதிலிருந்து வெளியே வர நெடுங்காலமாக இருக்கும் பெரிய வழி மஜ்ஜை மாற்றுதான்.

அந்த சிகிச்சையில் அடுத்தவரின் மஜ்ஜையை ஏற்றுவதற்கு முன்னால், நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் காலி பண்ணுவார்கள். அதோடு நோய் எதிர்ப்பு சக்தியும் போய்விடும். புது மஜ்ஜை வேலை செய்ய ஆரம்பித்து வார்டிலிருந்து வெளியே அனுப்பிய பிறகும் கதை முடியாது. மாற்று செய்த நாளிலிருந்து சுமார் 100 நாள் வரைக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொல்வது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். காய்ச்சல் வந்தால் உடனே ஓட வேண்டும். அடிக்கடி ரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. எதிர்ப்பு சக்தியே இல்லாத ஒரு குழந்தை. ஓட்டல் சாப்பாடு கூடாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் குடிக்கணும். சாப்பாடு அப்போதைக்கு அப்போ புதுசா சமைச்சதா இருக்கணும். அறை சுத்தமா இருக்கணும், கூட்டம் கூடாது. அப்படின்னா, அந்த அறையில் இருக்கிற அடுப்பு வசதிக்காக இருக்கிற பொருள் இல்ல. அது சிகிச்சையில் பாதி. மருந்துச் சீட்டில் எழுதாத மருந்து.

வேலூர் லாட்ஜ்களில் மற்ற ஊர் லாட்ஜ்களில் பார்க்க முடியாத ஒரு விஷயத்தைப் பார்க்கலாம்: அறைக்குள்ளேயே சின்னதா ஒரு சமையல் மேடை. கேஸ் அடுப்பையும் பாத்திரங்களையும்கூட வாடகைக்குக் கொடுப்பார்கள். டி.வி இருக்கா, ஏ.சி இருக்கா என்று கேட்பதற்கு முன்னால், "ரசோய் இருக்கா?" என்றுதான் வந்தவர்கள் கேட்கிறார்கள்.

பாரி வேற, பாஷா வேற

பெங்காலியில் வீட்டுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. 'பாரி' என்றால் சொந்த ஊரில் இருக்கும் சொந்த வீடு. (முல்லைக்குத் தேர் கொடுத்த நம்ம பாரி இல்ல.) 'பாஷா' என்றால் பிழைப்புக்காகவோ வேறு தேவைக்காகவோ போன இடத்தில் தற்காலிகமா தங்கியிருக்கிற வீடு. பறவைக் கூட்டுக்கும் அதே வார்த்தைதான். டாக்காவில் பத்து வருஷம் வாடகைக்கு இருக்கிறவரும் அந்த வீட்டை 'பாஷா' என்றுதான் சொல்வார். 'பாரி' எது என்று கேட்டால் கிராமத்தின் பெயரைச் சொல்வார்.

நம்மகிட்டயும் இப்படி ஒரு ஜோடி இருந்தது. வீடு, ஜாகை. "ஜாகை எங்கே?" என்று பழைய ஆட்கள் கேட்பார்கள். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த வார்த்தை. இப்போ கிட்டத்தட்ட வழக்கொழிஞ்சு போச்சு. நல்ல வார்த்தை, திரும்பக் கொண்டு வரலாம்.

வேலூரில் கிடைக்கிற அறை 'பாஷா'தான். அது 'பாரி' ஆகணும்னு யாரும் எதிர்பார்க்கல. ஆனா கூடாகவாவது இருக்கணுமில்ல?

முதல் கேள்வி: எந்த வளாகம்?

உங்க நண்பர், உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கும் கொல்கத்தாக்காரர், "வேலூர்ல அப்பாவுக்கு ட்ரீட்மென்ட், எங்கே ரூம் பார்க்கலாம்?" என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீங்க? முதலில் நீங்க திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த வளாகத்துக்கு அப்பாயின்ட்மென்ட் என்பது. சி.எம்.சி என்றால் ஒரே இடம் இல்ல. ஊருக்கு நடுவில் ஐடா ஸ்கடர் சாலையில் பழைய மருத்துவமனை. கண் சிகிச்சைக்கு ஆரணி சாலையில் ஷெல் வளாகம். மனநலமும் மறுவாழ்வும் பாகாயம் பக்கம். 2022-ல் ராணிப்பேட்டை மாவட்டத்தில், ரத்தினகிரிக்குப் பக்கத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே ஒரு பெரிய வளாகம் திறந்தார்கள். பழைய மருத்துவமனைக்கும் இதுக்கும் பத்து கிலோமீட்டருக்கு மேலே. தோட்டப்பாளையத்தில் ஒரு மாத அட்வான்ஸ் கொடுத்து ரூம் எடுத்துட்டு, மறுநாள் "ராணிப்பேட்டைக்குப் போங்க" என்று சொன்னால் தினமும் ஆட்டோ செலவே தனி பட்ஜெட்.

அடுத்தது, காட்பாடி ஸ்டேஷனிலேயே ஆரம்பிக்கும் "ரூம் சாஹியே?" இப்படிக் கேட்டு வர்றவங்க எல்லாரும் மோசம்னு சொல்லல. ஆனா அவங்க கூட்டிட்டுப் போற இடத்தில் அவங்களுக்குக் கமிஷன் உண்டு, அந்தக் கமிஷன் உங்க வாடகையில்தான் ஏறும். அதனால் முதல் ரெண்டு நாளைக்கு மட்டும் எங்கேயாவது தங்கிக்கிட்டு, டாக்டரைப் பார்த்து எத்தனை நாள் ஆகும்னு ஓரளவு தெரிஞ்ச பிறகு, பகல் வெளிச்சத்தில் நடந்து போய் மாத வாடகை அறை பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம். தின வாடகையை 30-ஆல் பெருக்கி மாத வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்க, வித்தியாசம் புரியும். சைதாப்பேட்டை (சென்னையில் இருக்கிறது இல்ல, வேலூரிலும் ஒண்ணு இருக்கு), காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி என்று கொஞ்சம் தள்ளிப் போகப் போக வாடகை இறங்கும், ஆட்டோ செலவு ஏறும். எது லாபம்னு கணக்குப் போடும்போது, நடு ராத்திரி காய்ச்சல் வந்தா எத்தனை நிமிஷத்தில் கேஷுவாலிட்டிக்குப் போகலாம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கணும்.

அறையைப் பார்க்கும்போது ஜன்னலைத் திறந்து பாருங்க. சுவருக்கு எதிரே இன்னொரு சுவர் இருக்கும் அறைகள் நிறைய. சமையல் புகை எங்கே போகும்? லிஃப்ட் இருக்கா? ஆபரேஷன் முடிஞ்சு வர்றவரால் மூணு மாடி ஏற முடியாது. கரன்ட் பில் வாடகைக்குள்ளேயா, தனி மீட்டரா? முன்னாடியே கிளம்பினா மீதி வாடகை திரும்பி வருமா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்க மறந்துடுறாங்க. பதிலை எழுதி வாங்கிக்கணும். குறைஞ்சபட்சம் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜாகவாவது.

தண்ணியை மறக்கவே கூடாது. பாலாறு மழைக்காலம் தவிர மணலாகத்தான் கிடக்கும். 'தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை' என்று வேலூரை அந்தக் காலத்தில் கிண்டல் பண்ணுவாங்க. கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துட்டார். ஆற்றில் தண்ணிதான் இன்னும் சரியா வரல. நிலத்தடி நீர் இன்னொரு கதை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வரைக்கும் பரவிய தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். மாசு பண்ணினவரே அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு அழுத்தமா சொன்ன தீர்ப்பு அது. அறை தேடுற குடும்பத்துக்கு இதிலிருந்து கிடைக்கிற பாடம் ரொம்ப எளிமை: போர் தண்ணி குளிக்க, கேன் தண்ணி குடிக்க, அதையும் காய்ச்சிக் குடிக்க.

பாஸ்போர்ட்டோடு வருபவர்களுக்கு

வங்கதேசத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு படி இருக்கு. வெளிநாட்டவர் யார் தங்கினாலும், தங்க இடம் கொடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் தங்குபவரின் விவரத்தை ஆன்லைனில் பதிவு செய்யணும். லாட்ஜுக்கு மட்டும்தான் இந்த விதின்னு நினைச்சுடாதீங்க, சொந்த வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விடுறவருக்கும் இதுதான். "அதெல்லாம் எதுக்கு, சும்மா தங்கிக்கோங்க" என்று பெரிய மனசோடு சொல்ற ஓனர்தான் உண்மையில் அந்தக் குடும்பத்தை ஆபத்தில் மாட்டி விடுறார். பதிவு இல்லாமல் தங்கியதாகப் பின்னால் விசா நீட்டிப்பில் சிக்கல் வந்தால், அவதிப்படப் போறது நோயாளி. 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு இந்திய விசா கிடைப்பதே குதிரைக்கொம்பானது. அதனால் இந்த விஷயத்தில் அலட்சியமே கூடாது.

சமையல் மேடையில் வங்காளமும் வேலூரும்

வந்த முதல் வாரத்தில் எல்லாமே அந்நியம். ஆனா ஒரு விஷயம் ஒத்துப்போகும்: புழுங்கல் அரிசி. மேற்கு வங்கத்திலும் 'சித்தோ சால்' என்று நெல்லை வேகவைத்துக் காயவைத்த அரிசிதான் வீடுகளில் அதிகம். டெல்லிக்காரர் வந்தால் இட்லி அரிசியைப் பார்த்து முகம் சுளிக்கலாம், கொல்கத்தாக்காரர் சந்தோஷமா மூட்டையைத் தூக்குவார். ரோகு, கட்லா மீன் நம்ம ஏரிகளிலும் கிடைக்கிறது. கடுகு எண்ணெயும், ஐந்து விதைகள் கலந்த 'பாஞ்ச் ஃபோரன்' தாளிப்பும் மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் மளிகைக் கடைகளில் கேட்ட உடனே எடுத்துத் தர்றாங்க. வியாபாரி மொழி கத்துக்கிற வேகத்தில் வேற யாரும் கத்துக்க மாட்டாங்க.

ஆம்பூர் பிரியாணியும் இவர்களுக்கு முழுக்க அந்நியம் இல்ல. கொல்கத்தா பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு இருக்கும். 1856-ல் அரியணை இழந்து கொல்கத்தா வந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்த பழக்கம் என்று சொல்வார்கள். நம்ம ஆம்பூரில் சீரகச் சம்பா, தொட்டுக்க கத்திரிக்காய். ரெண்டிலும் நவாபுகளின் சமையல்கட்டு வாசனை இருக்கு. உருளைக்கிழங்கை எங்கே ஒளிச்சு வெச்சீங்கன்னு அவங்க தேடுவாங்க, அவ்வளவுதான்.

சமையல் மேடை இல்லாத அறையில் மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒரு தகவல். 5 கிலோ சின்ன சிலிண்டர் இருக்கே, அதை வாங்க உள்ளூர் முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். பெட்ரோல் பங்குகள், சில கடைகளில் கிடைக்கும். ஆனா அறை ஓனரிடம் கேட்காமல் அடுப்பைப் பத்த வைக்காதீங்க. காத்தோட்டம் இல்லாத அறையில் கேஸ் அடுப்பு விளையாட்டில்ல.

மொழி எப்படிச் சமாளிக்கிறாங்க?

இங்கேதான் தோல் பெல்ட் உதவிக்கு வருது. வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பகுதி முழுக்க உருது பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தோல் வியாபாரத்திலும் அந்த மொழி கலந்திருக்கு. ஆக, உடைஞ்ச இந்தியோடு வரும் ஒரு முர்ஷிதாபாத் குடும்பத்துக்கும், தக்கினி உருது பேசும் ஒரு வேலூர் ஆட்டோக்காரருக்கும் நடுவில் எப்படியோ பாலம் கட்டியாகிவிடும். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் இது இவ்வளவு சுலபம் இல்ல.

போன் இருக்கு, டிரான்ஸ்லேட் ஆப் இருக்கு என்பீர்கள். வாடகை பேச, காய்கறி வாங்க அது போதும். "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா" என்பதை மட்டும் ஆப்பை நம்பி முடிவு பண்ணக்கூடாது. சி.எம்.சி-யில் பெங்காலி, இந்தி தெரிந்த ஊழியர்கள் இருக்காங்க. கேட்டு, எழுதி வாங்கிக்கிறதுதான் சரி.

கோட்டைக்குள் குடிவந்த குடும்பங்கள்

வெளியூர்க் குடும்பங்கள் எப்போ கிளம்புவோம்னு தெரியாமல் வேலூரில் குடியிருப்பது நேற்று ஆரம்பிச்சதில்ல. 1799 மே 4-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்த பிறகு, அவருடைய குடும்பத்தை ஆங்கிலேயர்கள் கொண்டு வந்து வைத்தது வேலூர்க் கோட்டையில்தான். மகன்கள், பெண்கள், பணியாட்கள் என்று ஒரு பெரும் கூட்டமே கோட்டைக்குள் குடித்தனம் நடத்தியது. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு, அவர்களை இங்கே வைப்பது ஆபத்து என்று நினைத்து எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? கல்கத்தாவுக்கு. அங்கே தர்மதலாவில் இன்றைக்கும் நிற்கும் திப்பு சுல்தான் மசூதி, திப்புவின் மகன் குலாம் முகமது 1842-ல் கட்டியது. 200 வருஷத்துக்கு முன்னாடி வேலூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போன அதே திசையில், இன்னிக்கு எதிர்ப்பக்கமா ரயில் வருது.

அதே கோட்டைக்கு 1816-ல் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனும் குடும்பத்தோடு கைதியாக வந்து சேர்ந்தார். 1832 ஜனவரி 30-ல் இறக்கும்வரை வேலூர்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபத்தில் அவருடைய நினைவிடம் இருக்கு, போய்ப் பாருங்க. அவர் சொந்த ஊர் திரும்பவே இல்ல.

வைத்தியத்துக்கு வராதவங்க

மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்கள் எல்லாரும் மருத்துவமனைக்குப் போவதில்லை. தோல் ஆலைகளுக்கு வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களுடைய 'பாஷா' பற்றி நாம் பேசுவதே குறைவு. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்திலிருந்த தோல் ஆலைக்குள் சேறு பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஆலைதான் படுக்கை அறை. லாட்ஜில் ஒரு சமையல் மேடைக்குக்கூட விலை வைக்கத் தெரிந்த ஊருக்கு, வேலைக்கு வந்தவனுக்குத் தனியாக ஒரு அறை வேண்டும் என்பது ஏன் தோன்றவில்லை? வாடகை கொடுக்க முடிகிறவருக்கு மட்டும்தான் ஊர் வீடு தயார் பண்ணி வைத்திருக்கிறது என்பதுதான் இதற்கு நேர்மையான பதில்.

சில விஷயங்கள் மாறியிருக்கு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்த பிறகு, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் வெளிமாநில ரேஷன் கார்டுக்காரர்கள் விரல்ரேகை வைத்து இங்கேயும் தங்கள் அரிசி, கோதுமையை வாங்கலாம். குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளை, கல்வி உரிமைச் சட்டப்படி கல்வியாண்டின் நடுவில்கூட வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும். இது தெரிஞ்சு பயன்படுத்துறவங்க எத்தனை பேர்? உங்க தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தா, இந்த ரெண்டையும் இன்னிக்கே அவங்ககிட்ட சொல்லுங்க.

திரும்பும் டிக்கெட்

வேலூர் வாடகைக் குடும்பத்தின் பெரிய தலைவலி கடைசியில்தான் வரும். ரயில் டிக்கெட் 60 நாள் முன்னாடியே புக்கிங் திறந்துடும். ஆனா டாக்டர் "இனி ஊருக்குப் போகலாம்" என்று சொல்றது ரெண்டு நாள் முன்னாடிதான். அதனால் உத்தேசமா ஒரு தேதிக்கு டிக்கெட் எடுப்பாங்க, ரத்து பண்ணுவாங்க, மறுபடி எடுப்பாங்க. திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகப் போறது அசாம்காரர்களுக்கு வசதி, ஆனா இடம் கிடைக்கணுமே.

பலருக்கும் தெரியாத ஒன்று: புற்றுநோய், தலசீமியா, இதயம், சிறுநீரக சிகிச்சைக்காகப் பயணிப்பவர்களுக்கும், உடன் வரும் ஒருவருக்கும் ரயில்வே கட்டணச் சலுகை உண்டு. அதற்கென்று இருக்கும் படிவத்தில் மருத்துவமனையில் கையெழுத்தும் சீலும் வாங்கி, முன்பதிவு கவுன்டரில் கொடுக்கணும். டிஸ்சார்ஜ் பேப்பர் வாங்கும் அன்றே இதையும் கேட்டு வாங்கிடணும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் விட்டுட்டா, அடுத்த செக்கப்புக்கு வரும்வரை காத்திருக்கணும்.

அறையைக் காலி பண்றப்போ வாடகைப் பாத்திரங்களை எண்ணி ஒப்படைச்சு டெபாசிட்டை வாங்குறாங்க. சொந்தமா வாங்கின பக்கெட், பாய், டேபிள் ஃபேன் எல்லாத்தையும் ரயிலில் தூக்கிட்டுப் போக முடியாது. பக்கத்து அறைக்கு நேத்துதான் வந்து இறங்கின குடும்பத்துக்குக் கொடுத்துட்டு, பிரஷர் குக்கரை மட்டும் திரும்பப் பையில் வெச்சுக்கிறாங்க.